குறட்டைக்கு நடுவே ஒரு மௌனம்

குறட்டை விடுபவரைக் கண்டால் நம் வீடுகளில் சிரிப்பார்கள். "தலையணையில் தலை சாய்ந்தால் போதும், அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிடுவார், கொடுத்து வைத்தவர்" என்று பொறாமைப்படும் உறவினர்களும் உண்டு. குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் என்னும் நம்பிக்கை அவ்வளவு வேரூன்றியிருக்கிறது. இதனாலேயே, உண்மையில் உறக்கமே கிட்டாத பலர் மருத்துவரிடம் வராமல் ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். வந்தாலும் வேறு எதற்காகவோ வருகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் இரத்த அழுத்தத்திற்காக என்னிடம் ஒருவர் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பள்ளி வேன் ஓட்டுநர். ஒரு மாத்திரைக்கு அடங்காத அழுத்தம் இரண்டுக்கும் அடங்கவில்லை. மூன்றாவது மாத்திரையையும் எழுதினேன். உப்பைக் குறைத்தாரா என்று கேட்டேன். மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்கிறாரா என்று கேட்டேன். சிறுநீரகப் பரிசோதனையும் செய்வித்தேன். எப்படி உறங்குகிறார் என்று மட்டும் கேட்கவில்லை.

ஒருநாள் அவருடைய மனைவியும் உடன் வந்திருந்தார். எல்லாம் முடிந்து எழுந்த பிறகு, கதவருகே நின்று தயங்கியபடி சொன்னார்: "டாக்டர், இவர் தூங்கும்போது நடுநடுவே மூச்சே நின்றுவிடுகிறது. நான் தோளைப் பிடித்து உலுக்குவேன். அப்புறம்தான் திடுக்கென்று மூச்சு வாங்குவார். பயந்துகொண்டே படுத்திருப்பேன். நான் நிம்மதியாகத் தூங்கி மூன்று வருடம் ஆகிறது. இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை."

கணவர் சிரித்தார். "அதெல்லாம் ஒன்றுமில்லை டாக்டர், இவள் சும்மா பயப்படுகிறாள்."

அவர் பொய் சொல்லவில்லை. இந்நோய் உள்ளவருக்குத் தன் நோய் தெரிவதில்லை. அது நிகழும்போது அவர் உறங்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் படுத்திருப்பவருக்கே அது தெரியும். மூன்று மாத்திரைகள் எழுதிய நான் காணத் தவறியதை அந்த அம்மையார் மூன்று ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் கண்டுகொண்டிருந்தார்.

தொண்டையில் நிகழ்வது என்ன?

மூச்சுக்குழாயைச் சுற்றிக் குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. ஆகவே அது எளிதில் நசுங்குவதில்லை. ஆனால் மூக்கின் பின்புறம் தொடங்கிக் குரல்வளை வரையுள்ள தொண்டைப் பகுதிக்கு அத்தகைய காப்பு இல்லை. தசைகளே அதைத் திறந்து வைத்திருக்கின்றன. உறங்கும்போது உடலின் பிற தசைகளைப் போலவே இவையும் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னோக்கிச் சரிகிறது. வழி குறுகுகிறது. குறுகிய வழியில் காற்று விரைந்து செல்லும்போது உள்நாக்கும் மேலண்ணத்தின் மென்பகுதியும் அதிர்கின்றன. இதுவே குறட்டை.

மெல்லிய உறிஞ்சுகுழாயில் இளநீரை வேகமாக இழுத்துப் பாருங்கள். குழாய் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். இழுக்க இழுக்க இன்னும் இறுகும். தொண்டை குறுகியவரிடமும் இதுவே நடக்கிறது. மார்பும் வயிறும் மூச்சிழுக்க முயல்கின்றன. காற்றோ உள்ளே போவதில்லை. குறட்டை திடீரென நின்று அறையில் அமைதி நிலவுகிறது. இந்த அமைதி பத்து வினாடியோ அதற்கு மேலோ நீடித்தால் அதை உறக்க மூச்சுத் தடை என்கிறோம். ஸ்லீப் அப்னியா என்று பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

இரத்தத்தில் பிராணவாயு குறைந்து, மூச்சிழுக்கும் முயற்சி கடுமையாகும்போது மூளை விழித்துக்கொள்கிறது. இவ்விழிப்பு சில வினாடிகளே நீடிக்கும். காலையில் நினைவில் இராது. தொண்டைத் தசைகள் மீண்டும் இறுகி, வழி திறந்து, பெரும் சத்தத்துடன் மூச்சு உள்ளே போகிறது. மறுபடியும் உறக்கம், மறுபடியும் தளர்ச்சி, மறுபடியும் அடைப்பு. மணிக்கு முப்பது முறை இவ்வாறு நேர்ந்தால் ஆறு மணி நேர உறக்கத்தில் நூற்றெண்பது முறை. எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும், எழும்போது அடித்துத் துவைத்தது போல் உடல் ஏன் சோர்ந்திருக்கிறது என்பது இப்போது விளங்கும்.

ஒவ்வோர் அடைப்பின் முடிவிலும் உடல் ஆபத்துக் கால நிலைக்குச் செல்கிறது. அட்ரினலின் போன்ற சுரப்புகள் பெருகி, இதயத் துடிப்பு விரைந்து, இரத்த அழுத்தம் மேலேறுகிறது. நலமுள்ளவருக்கு உறக்கத்தின்போது இரத்த அழுத்தம் 10 முதல் 20 விழுக்காடு வரை தாழ வேண்டும்; இவருக்குத் தாழ்வதில்லை. இந்த இரவு நேர ஏற்றம் நாளடைவில் பகலிலும் நிலைத்துவிடுகிறது. மூன்று மாத்திரைகளுக்கும் அடங்காத இரத்த அழுத்தம் உள்ளவரிடம் உறக்கத்தைப் பற்றி விசாரிக்க வேண்டியது இதனால்தான். இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களிடமும், பக்கவாதம் வந்தவர்களிடமும் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது.

இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவதும் இதன் அறிகுறியாக இருக்கலாம். அடைபட்ட தொண்டைக்கு எதிராக மார்பு மூச்சிழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடலில் நீர் மிகுந்துவிட்டது என்று இதயம் தவறாகக் கருதி, சிறுநீரைப் பெருக்கும் ஒரு சுரப்பை வெளியிடுகிறது. சர்க்கரை நோய் என்றும் புராஸ்டேட் வீக்கம் என்றும் எண்ணிப் பரிசோதனைகள் செய்து, எல்லாம் சரியாக இருக்க, காரணம் புரியாமல் திரும்பியவர்கள் உண்டு. காலையில் எழுந்ததும் தலைவலி, வாய் உலர்ந்திருத்தல், எரிச்சல், மறதி ஆகியனவும் இதனுடன் வருபவை.

மூச்சுத் தடையில் இன்னொரு வகையும் உண்டு. அதில் தொண்டை திறந்திருக்கும். மூச்சிழுக்கும்படி மூளையிலிருந்து கட்டளை வருவதில்லை. இதயம் பலவீனமானவர்களுக்கும், கடுமையான வலிக்கு அபின் சார்ந்த மருந்துகள் உட்கொள்பவர்களுக்கும் அது வரலாம். அதன் மருத்துவம் வேறு. குறட்டையோடு வருவது பெரும்பாலும் முன்னர்ச் சொன்ன வகையே.

யாருக்கு வருகிறது?

பருத்த உடல், குட்டையான தடித்த கழுத்து, நடுத்தர வயது ஆண் என்பதே இந்நோயாளியைப் பற்றி எல்லோர் மனத்திலும் உள்ள சித்திரம். கழுத்தின் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஐயம் கொள்ளலாம் என்பது பயனுள்ள கணக்கு. தையற்காரரின் நாடாவே போதும். ஆனால் தெற்காசியர்களாகிய நமக்கு, மேலைநாட்டாரைவிடக் குறைந்த உடல் எடையிலேயே இந்நோய் வரக் காண்கிறோம். தாடை சிறுத்து உள்வாங்கியிருந்தால் ஒல்லியானவருக்கும் வரும். தைராய்டு சுரப்புக் குறைவும் ஒரு காரணம்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களிடம் இந்நோய் மிகுகிறது. அவர்கள் குறட்டை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. அசதி, உறக்கமின்மை, தலைவலி, மனச்சோர்வு என்றே வருகிறார்கள். இரத்த சோகைக்கும் தைராய்டுக்கும் பார்த்து அனுப்பிவிடுகிறோம். பெண் குறட்டை விடுவது நகைப்புக்கும் வெட்கத்துக்கும் உரியதாக இருக்கும் சமூகத்தில் அதைச் சொல்ல யார் முன்வருவார்? மேலும், வீட்டில் எல்லோரும் உறங்கிய பின் படுத்து, எல்லோருக்கும் முன் எழுபவரின் உறக்கத்தைக் கவனிப்பவர் யார்? அம்மாவோடு ஒரே அறையில் படுக்கும் பிள்ளைகள் ஓர் இரவேனும் கவனித்துப் பாருங்கள்.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் டான்சில், அடினாய்டு சதை வீக்கத்தால் இது வருகிறது. வாயைத் திறந்தபடி உறங்கும் குழந்தை, விட்டுப்போன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் மீண்டும் தொடங்கிய குழந்தை, வகுப்பில் ஓரிடத்தில் அமராத குழந்தை ஆகியோரை நினைவில் கொள்ளுங்கள். பெரியவர்களைப் போல் அவர்கள் தூங்கி வழிவதில்லை. மாறாகத் துறுதுறுப்பும் கவனச் சிதறலும் கூடுகின்றன. காது மூக்கு தொண்டை மருத்துவர் அச்சதையை அகற்றினால் பல குழந்தைகள் நலமடைகிறார்கள்.

பகல் தூக்கத்தை அளக்க ஓர் எளிய வினாப் பட்டியல் உண்டு. ஆஸ்திரேலிய மருத்துவர் மரே ஜான்ஸ் 1991இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல் அது. படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, பொதுவிடத்தில் அமர்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரப் பயணத்தில், ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது என்று எட்டு நிலைகள். ஒவ்வொன்றிலும் கண்ணயர வாய்ப்புண்டா என்பதற்குச் சுழி முதல் மூன்று வரை மதிப்பெண். கூட்டுத்தொகை பத்தைத் தாண்டினால் பகல் தூக்கம் அளவுக்கு மீறியது. மதிய உணவுக்குப் பின் சற்றுக் கண் சொக்குவது நோயன்று. எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உறங்கிப்போவது நோய்.

அந்த ஓட்டுநரிடம் இக்கேள்விகளைக் கேட்டேன். எட்டாவது கேள்வி, போக்குவரத்தில் வண்டி சில நிமிடம் நிற்கும்போது கண்ணயர்வது உண்டா என்பது. அவர் மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒரு தடவை ரயில்வே கேட்டில் நின்றபோது, பின்னால் இருந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்துத்தான் எழுந்தேன். வேனில் பிள்ளைகள் இருந்தார்கள்." மனைவிக்கும் அது அன்றுதான் தெரிய வந்தது.

ஓரிரவுப் பரிசோதனை

உறக்க ஆய்வு என்னும் பரிசோதனையில் வலி இல்லை, ஊசி இல்லை. மாலையில் வந்து, தலையிலும் முகத்திலும் மார்பிலும் உணரிகள் ஒட்டப்பட்டு, மூக்கருகே ஒரு மெல்லிய குழாயும் விரலில் ஒரு கவ்வியும் மாட்டப்பட்டு, உறங்கி, காலையில் வீடு திரும்பலாம். "இத்தனை ஒயர்களோடு எப்படித் தூங்குவது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆய்வுக்குத் தேவையான அளவு ஏறக்குறைய எல்லோரும் உறங்கிவிடுகிறார்கள். வேறு பெரிய நோய்கள் இல்லாதவர்களுக்கு வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் சிறிய கருவியும் போதுமானதாக இருக்கலாம்.

அறிக்கையில் ஏ.எச்.ஐ. என்றோர் எண் இருக்கும். உறக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது பெரிதும் குறைந்தது என்பதே அது. பெரியவர்களுக்கு ஐந்துக்குக் கீழ் இயல்பு; 5 முதல் 15 வரை இலேசானது; 15 முதல் 30 வரை நடுத்தரமானது; அதற்கு மேல் கடுமையானது. ஓட்டுநருக்கு 46 வந்தது. பிராணவாயு 71 விழுக்காடு வரை இறங்கியிருந்தது.

மருத்துவம் தொடங்கிப் பகல் தூக்கம் நீங்கும்வரை வண்டி ஓட்ட வேண்டாம் என்றேன். எளிதாகச் சொல்லிவிட்டேன், அவருக்கு அது எளிதன்று. ஓட்டாத நாளுக்குச் சம்பளம் இல்லை. நெடுநேரம் பேசினோம். ஒரு மாதம் தம் தம்பியை வேன் ஓட்டச் சொல்லி, தாம் உதவியாளராக உடன் போவதென்று அவரே ஒரு வழி கண்டார்.

காற்றே மருந்து

கடுமையான மூச்சுத் தடைக்கு ஒரு காலத்தில் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதுதான் வழியாக இருந்தது. சிட்னியைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும், மூக்கின் வழியே சற்று அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தினால் தொண்டை மூடாமல் இருக்கிறது என்று ஐந்து நோயாளிகளிடம் கண்டு 1981இல் வெளியிட்டார்கள். இன்றைய சிபாப் கருவி அதன் வழிவந்தது.

இக்கருவியைப் பற்றி ஒரு தவறான எண்ணத்தை முதலில் நீக்கிவிட வேண்டும். இது ஆக்சிஜன் தரும் கருவியன்று. அறையில் உள்ள சாதாரணக் காற்றையே இழுத்து, மெல்லிய அழுத்தத்தோடு முகமூடி வழியாக அனுப்புகிறது. பந்தலைத் தாங்கும் கால் போல, காற்று தொண்டையை உள்ளிருந்து தாங்குகிறது. உடல் இதற்கு அடிமையாவதும் இல்லை. மாட்டாத இரவில் பழைய நோய் திரும்பும், அவ்வளவே. கண்பார்வைக்குக் கண்ணாடி அணிவதோடு இதை ஒப்பிடலாம்.

முதல் இரண்டு வாரங்கள் கடினமானவை என்பதை மறைக்க மாட்டேன். கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுபவர்களில் பெரும்பாலோர் இந்த நாட்களில்தான் தள்ளுகிறார்கள். முகமூடி மாட்டினால் மூச்சு முட்டுவது போல் இருக்கிறது என்றால், பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரை மணி நேரம் அணிந்து பழகுங்கள். மூக்கு உலர்ந்தால் ஈரப்பதம் சேர்க்கும் இணைப்பு உண்டு. அதில் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும், கிணற்று நீரையோ குழாய் நீரையோ அன்று. காற்று கண்ணுக்குள் அடித்தால் முகமூடியின் அளவு பொருந்தவில்லை என்று பொருள். வாரை இன்னும் இறுக்காமல் எங்களிடம் வந்து மாற்றிக்கொள்ளுங்கள். வாயால் மூச்சு விடுபவருக்கு வாயையும் மூடும் முகமூடி உண்டு. அடர்ந்த மீசை தாடி உள்ளவர்களுக்கு மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் சிறிய வகை ஏற்றது. முகமூடியை நாள்தோறும் துடையுங்கள். வாரம் ஒருமுறை குழாயோடு சேர்த்து மென்மையான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

மின்சாரம் போனால் மூச்சு அடைத்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். முகமூடியில் காற்று வெளியேறத் துளைகள் இருக்கின்றன. பெரும்பாலும் நீங்களே விழித்துக் கழற்றிவிடுவீர்கள். அடிக்கடி மின்தடை உள்ள ஊராக இருந்தால் கருவியை இன்வெர்ட்டரில் இணைத்துவிடலாம்.

விலை சில பத்தாயிரங்கள் ஆகும். ஆகவே வாங்குமுன் வாடகைக்கு எடுத்துச் சில வாரங்கள் பயன்படுத்திப் பாருங்கள். காப்பீடு உள்ளவர்கள் அது கருவிக்குப் பொருந்துமா என்று முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

இது எதைத் தரும், எதைத் தராது என்பதிலும் நேர்மை வேண்டும். பகல் தூக்கம் நீங்கும், மனநிலை தெளியும், குறட்டை நிற்கும். இரத்த அழுத்தம் குறையும், ஆனால் சராசரியாக இரண்டு மூன்று அலகுகள் அளவே. சிலருக்கு மட்டும் கூடுதலாக. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்குமா? ஏற்கெனவே அந்நோய்கள் கண்ட 2,700க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2016இல் வெளியான பெரிய ஆய்வில் அத்தகைய பயன் தென்படவில்லை. ஆனால் அவ்வாய்வில் கருவியை அணிந்த நேரம் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி மட்டுமே. மிகக் கடுமையான பகல் தூக்கம் உள்ளவர்கள் அதில் சேர்க்கப்படவும் இல்லை. பாதி இரவு அணிந்தால் பாதி இரவுக்கே காப்பு என்று நான் நோயாளிகளிடம் சொல்வதுண்டு. குறைந்தது நான்கு மணி நேரம் என்று ஒரு கணக்கு வழக்கில் இருந்தாலும், உறங்கும் நேரம் முழுவதும் அணிவதே குறிக்கோள்.

உடல் எடை மிகுந்தவர்கள் கருவியோடு எடையையும் கவனிக்க வேண்டும். எடையில் பத்து விழுக்காடு குறைந்தால் மூச்சுத் தடை ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு கணக்கிட்டது. எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசி மருந்துக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் இந்நோய்க்கென்றே ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அது உங்களுக்கு ஏற்றதா என்பதை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். செய்தி படித்துவிட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்குவதற்கு உரியதன்று.

மல்லாந்து படுக்கும்போது மட்டும் மூச்சு அடைப்பவர்களுக்கு ஒருக்களித்துப் படுப்பதே பெரும் பயன் தரும். பனியனின் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து அதில் ரப்பர் பந்து வைப்பது பழைய உத்தி. சிரிக்க வேண்டாம், சிலருக்குப் பலிக்கிறது. இலேசான, நடுத்தரமான நோய்க்குக் கீழ்த்தாடையைச் சற்று முன்தள்ளி வைக்கும் சாதனத்தைப் பல் மருத்துவர் செய்து தருவார். அறுவை சிகிச்சை தேர்ந்தெடுத்த சிலருக்கே.

மது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும். "கொஞ்சம் குடித்தால்தான் தூக்கம் வருகிறது" என்பவருக்கு வருவது உறக்கமன்று. இன்னும் நீண்ட மூச்சடைப்பு. தாமாக வாங்கி உட்கொள்ளும் தூக்க மாத்திரைகளும் இதே தீங்கைச் செய்யக்கூடும்.

இரண்டு மாதம் கழித்து ஓட்டுநர் வந்தார். மூன்று மாத்திரைகளில் ஒன்றை நிறுத்த முடிந்தது. மற்ற இரண்டும் தொடர்கின்றன. இரவில் நான்கு முறை எழுந்தவர் ஒருமுறை எழுகிறார். எப்வொர்த் மதிப்பெண் 17இலிருந்து 6க்கு இறங்கியிருந்தது. மீண்டும் வேன் ஓட்டுகிறார். இடையில் உறவினர் திருமணத்துக்குப் போனபோது, நாலு பேர் பார்ப்பார்களே என்று கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாம் நாளே பழைய அசதி வந்துவிட்டதாம். உங்களுக்கு எப்படியிருக்கிறது என்று அவர் மனைவியைக் கேட்டேன். "முதல் ராத்திரி சத்தமே இல்லை டாக்டர். பயந்துபோய் எழுந்து, மூச்சு வருகிறதா என்று மார்பில் கைவைத்துப் பார்த்தேன். அப்புறம்தான் தூங்கினேன்" என்றார்.

எந்த அறுவை சிகிச்சைக்குச் சென்றாலும், அது பல் பிடுங்குவதாக இருந்தாலும் கண்புரையாக இருந்தாலும், உங்களுக்கு உறக்க மூச்சுத் தடை இருப்பதை மயக்க மருந்து தருபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மருத்துவமனையில் தங்குவதானால் உங்கள் கருவியையும் முகமூடியையும் எடுத்து வாருங்கள்.

வீட்டில் ஒருவருக்கு இந்நோய் இருக்குமோ என்று ஐயம் எழுந்தால், அவர் உறங்கும்போது கைப்பேசியில் இரண்டு மூன்று நிமிடம் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறட்டை நின்று மீண்டும் தொடங்கும் இடம் அதில் பதிவாகட்டும்; முகமும் மார்பும் தெரியட்டும். உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் கொண்டு வாருங்கள். துணைக்கு ஒருவரை அழைத்து வருவதானால், அதே அறையில் உறங்குபவரையே அழைத்து வாருங்கள்.